வெற்றிச்செல்விக்குச் சொன்ன படம்

படத்தைப் பற்றி முதலில் பேச வேண்டியவர், அது யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவர். அவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. படத்தைப் பாதியில் விட்டுவிட்டு வரக் கூடாது. யூடியூபில் எவனோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து சொந்தக் கருத்து மாதிரி அவிழ்த்துவிடக் கூடாது.

அரியலூரில் காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் பெரம்பலூர் போகிற பஸ்ஸில் தினமும் சேர்ந்து போன நான்கு பேர், நாலு வருடத்துக்கு முன் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. ஜவுளிக்கடையில் பில் போடும் அம்சவள்ளி, ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கும் அன்பழகன் சார், ஒரு தனியார் கல்லூரியின் ஆபீசில் வேலை பார்க்கும் முத்தமிழ்செல்வன், ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருக்கும் வெற்றிச்செல்வி. வெள்ளிக்கிழமை ஒருவர் இன்னொருவர் பேரைச் சொல்லி ஒரு படம் சொல்வார். சனி, ஞாயிறில் நாலு பேரும் பார்த்துவிடுவார்கள். திங்கட்கிழமை, பஸ் ஊரைத் தாண்டியதும் பேச்சு தொடங்கும்.

வெற்றிச்செல்வி பேசும் திங்கட்கிழமைக்கு மற்ற மூவரும் காத்திருப்பார்கள். மற்றவர் கண்ணில் படாதது அவள் கண்ணில் படும். ஒரு குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் உருகிக்கொண்டிருந்தபோது, "கல்யாணத்துல முன்னூறு பேரு சாப்புடுறாங்க. எல எடுக்குற ஆளு ஒருத்தர் மொவத்தகூட காட்டலியே" என்றாள். அன்பழகன் சார் அதற்காகவே அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தார். எந்த இடத்தில் அழுதாள், எந்த இடத்தில் எரிச்சல் வந்தது, எந்த வசனம் தன் வீட்டை ஞாபகப்படுத்தியது என்பதையெல்லாம் அவள் மறைக்காமல் சொல்வாள். வேறு யாரிடமும் அவள் அப்படிப் பேசியதில்லை. வீட்டிலும் இல்லை.

"உங்களுக்குப் படம் சொல்றது பரீட்சை எழுதுற மாதிரிங்க வெற்றி" என்பான் முத்தமிழ்செல்வன். அவளைவிட இரண்டு வயது மூத்தவன். உடையார்பாளையத்துக்காரன். அரியலூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஐப்பசி மாதத்துக் காலையில் அவள் அந்த பஸ்ஸுக்கு வரவில்லை. செந்துறை ரோட்டிலிருந்து அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்த தம்பி அறிவரசனை, சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று எதிரே வந்து அடித்தது. வளைவு கூட இல்லை. நேரான ரோடு. லாரி மெதுவாகத் தன் பக்கத்தை விட்டு விலகி அவர்களை நோக்கி வந்தது. அறிவரசனுக்கு இருபத்து நாலு வயது. அங்கேயே போய்விட்டான். வெற்றிச்செல்வி சாலையோரத்துச் சரளையில் விழுந்தாள். இடது தொடை எலும்பு முறிந்தது. "ஏன் இன்னும் வரல, பஸ்ஸ எடுக்கப்போறாங்க" என்று அம்சவள்ளி போட்ட போனை யாரோ ஒரு வழிப்போக்கர் எடுத்துப் பேசினார்.

நாலு மாதம் கழித்து, தொடைக்குள் கம்பியோடு அவள் மறுபடி பஸ் ஏறியபோது முத்தமிழ்செல்வன்தான் பையை வாங்கி வைத்துக்கொண்டான். படியில் கால் வைக்க அவளுக்கு நேரம் எடுக்கும் என்று டிரைவரிடம் தினமும் சொல்லி நிறுத்தச் செய்தான். கொஞ்ச நாள் மூவரும் அவளுக்குச் சிரிப்புப் படமாகவே சொன்னார்கள். "நான் ஒண்ணும் கண்ணாடி டம்ளர் இல்ல. பழைய மாதிரியே சொல்லுங்க" என்று அவள் கடிந்துகொண்ட பிறகுதான் எல்லாம் முன்போல ஆனது.

ஆனால் அந்தக் காலையில் நடந்ததை மட்டும் அவள் பஸ்ஸில் பேசியதே இல்லை. அவர்களும் கேட்கவில்லை.

இந்த வருடம் ஆவணியில், வழக்கில் சாட்சி சொல்ல வரும்படி அவளுக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அதை மட்டும் சொன்னாள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை படம் சொல்ல வேண்டிய முறை முத்தமிழ்செல்வனுடையது.

"வெற்றி, இது உங்களுக்குன்னே வெச்சிருந்தது" என்றான். "மலையாளம். தமிழ்ல பேசியிருக்காங்க. கடைசி அரை மணி நேரம் இருக்கு பாருங்க, மனசையே கழுவி விட்டுரும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம், செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்து அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். அவள் அம்மா ஆண்டாயி பக்கத்தில் உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டே பார்த்தாள். ஒரு தாய். ஒரே மகன். கல்லூரிக்குப் போகிற மகனை ஒரு தனியார் பஸ் மோதிக் கொன்றுவிடுகிறது. தாய் கோர்ட்டுக்கு அலைகிறாள். ஒரு நாள் டிரைவரின் வீட்டைப் பார்க்கிறாள். அங்கே ஒழுகுகிற கூரை, படுத்த படுக்கையாக ஒரு பெண், இரண்டு குழந்தைகள். தாய் வழக்கை விட்டுவிடுகிறாள். கடைசியில் டிரைவரைத் தன் வீட்டுக்கு அழைத்து, மகன் சாப்பிட்ட தட்டிலேயே சோறு போடுகிறாள். பின்னால் புல்லாங்குழல். வெளியே மழை.

ஆண்டாயி துவரையை முறத்தோடு தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சோறு போட்டாளா?"

"ஆமாம்மா."

"எவன் எழுதுன கதைடி இது? அவ பெத்தவதானா, இல்ல தத்து எடுத்தவளா?" என்று கேட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். சாயங்காலம்வரை உள்ளே வரவில்லை.

வெற்றிச்செல்வி படத்தைக் கடைசி எழுத்து ஓடும்வரை பார்த்தாள். பிறகு ஒரு சந்தேகம் வந்து, முதலிலிருந்து ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். எதையோ தேடினாள். அது கிடைக்கவில்லை. தூக்கிப் போட்டுவிடலாம் என்கிற அளவுக்குப் போன் மீது ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமை பஸ் ஊரைத் தாண்டியதும் மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நல்லா எடுத்திருக்காங்க. அந்தம்மா நல்லா நடிச்சிருக்கு" என்று தொடங்கினாள். "ஆனா எனக்குப் புடிக்கல. பொய்யான படம்."

அம்சவள்ளி ஏதோ சொல்ல வந்து, முறையை நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

"டிரைவர மன்னிச்சத சொல்லலீங்க. மன்னிக்கட்டும். எனக்கும் அந்த டிரைவர் மேல பெருசா கோவம் கெடையாது. நான் கேக்குறது வேற. அந்த பஸ்ஸுக்கு ஒரு ஓனர் உண்டுல்ல? ரெண்டேகால் மணி நேரப் படத்துல அவன் எங்க? ஒரே ஒரு சீன். வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு ஏதோ ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடுறான். அவ்வளவுதான். டிரைவர் வூடு ஒழுகுறத காட்டுற கேமரா, ஓனர் வூட்டு வாசல் பக்கம் ஏன் போவல? பிரேக் சரியில்லன்னு டிரைவர் ஒரு எடத்துல சொல்றான். யாருகிட்ட சொல்றான்னு காட்டல. ஏழ ஏழைய மன்னிச்சிட்டா கதை முடிஞ்சிரும். நாம அழுதுட்டு வூட்டுக்குப் போயிரலாம். யாரு அந்த வண்டிய அனுப்புனான்னு யாரும் கேக்கத் தேவையில்ல. அதுக்குத்தான் அந்த மழையும் புல்லாங்குழலும்."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, வெங்காய மூட்டை ஒன்றை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"முடிச்சிட்டேன்" என்றாள்.

"அம்மாடி, நான் அழுதுட்டேன்" என்றாள் அம்சவள்ளி. "இப்ப நீ சொன்னதும்தான் தோணுது. அந்த ஓனர் மூஞ்சி எனக்கு ஞாபகத்துலயே இல்ல."

அன்பழகன் சார் தலையை ஆட்டினார். முத்தமிழ்செல்வன் மட்டும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான்.

"நீங்க அந்தப் படத்த வேற பக்கமா பாக்குறீங்க வெற்றி" என்றான். "அது அந்தம்மாவோட மனசப் பத்தின படம். வழக்கு, கோர்ட்டுன்னு அலைஞ்சா என்ன கெடைக்கும்? போன உசுரு வருமா? விட்டுட்டா அவங்களுக்குத்தான் நிம்மதி. அதத்தான் சொல்றான்."

"ஓனர விட்டுட்டா ஓனருக்குத்தான் நிம்மதி."

"எல்லாத்துலயும் ஓனர், ஓனர்னா எப்படிங்க? ஓனர் என்ன வேணும்னா ஏத்தச் சொன்னாரு? ஒரு டிரைவர் பயத்துல ஆயிரம் சொல்லுவான். மூணு நாளா தூங்க விடலம்பான், இன்னொரு நடை அடிச்சிட்டுப் போன்னாங்கம்பான். அதப் போயி கோர்ட்ல சொல்லி என்ன ஆவப்போவுது?"

வெற்றிச்செல்வி அவனையே பார்த்தாள்.

"படத்துல டிரைவர் அப்படிச் சொல்லலியே" என்றாள்.

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

"படத்துல பிரேக்குதான். தூக்கம் இல்ல. மூணு நாளும் இல்ல. அது என் தம்பிய அடிச்ச டிரைவர் சொன்னது. ரோட்டுல ஒக்காந்து தலைல கைய வெச்சிக்கிட்டு எங்கிட்ட சொன்னாரு. நான் அத போலீஸ்ல எழுதிக் குடுத்தேன். எங்கம்மாகிட்ட சொன்னேன். இந்த பஸ்ல நான் சொன்னதே இல்ல. உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஊர்ல பேசிக்கிட்டாங்க."

"எந்த ஊர்ல?"

முத்தமிழ்செல்வன் ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே மக்காச்சோளக் காடு ஓடிக்கொண்டிருந்தது. அம்சவள்ளிதான் மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, அந்த லாரி ஓனரு உங்க ஊருப் பக்கம்தானே? வைத்திலிங்கம்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே."

"எங்கம்மாவோட தம்பி" என்றான் முத்தமிழ்செல்வன். "தாய்மாமன்."

பஸ்ஸில் யாரோ போனில் பாட்டு வைத்திருந்தார்கள். அன்பழகன் சார் எழுந்து போய் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ரெண்டு வருஷமா தெரியுமா?" என்றாள் வெற்றிச்செல்வி.

"லாரி மாமாவுதுன்னு அன்னிக்கே தெரியும். சொல்ல வாய் வரல. உங்கள ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்து நான் மூணு நாள் சாப்புடல. அது சத்தியம். நீங்க போலீஸ்ல சொன்னத வக்கீல்கிட்டேருந்து வாங்கிட்டு வந்து சித்திரையிலதான் மாமா காட்டுனாரு. இந்தப் பொண்ணு உன் கூட பஸ்ல வருதாமே, பேசிப் பாருடான்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். நேரா உங்ககிட்ட அதக் கேக்க எனக்கு வாய் வரல. அதான் படமா சொன்னா, உங்களுக்கே மனசு தானா எளகும்னு..."

"படமா சொன்னா" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

சித்திரையிலிருந்து அவன் தனக்குச் சொன்ன மற்ற படங்கள் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அண்ணனைக் காட்டிக்கொடுத்தவனின் கடிதத்தை எரித்துவிட்டுச் சிரிக்கிற தங்கை. வரப்புச் சண்டையில் குத்தியவனின் மகளைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கிற கிழவர். அந்தத் தங்கைக்காக அவள் அழுதிருந்தாள். அழுததை இதே பஸ்ஸில், இதே சீட்டில், அவனிடம்தான் சொல்லியிருந்தாள்.

நாலு வருடத்தில் அவனை அவள் ஒருமுறைகூட 'நீ' என்று சொன்னதில்லை.

"நான் எதுக்கு அழுவேன், எந்த எடத்துல எனக்குத் தொண்ட அடைக்கும், எல்லாத்தையும் நானே உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றாள். "திங்கக்கெழம திங்கக்கெழம. உங்க மாமன் கத்தியோட வந்திருந்தாகூட இவ்வளவு தூரம் உள்ள வந்திருக்க முடியாது. நீ வந்திருக்க."

"வெற்றி, நான் அப்படி..."

"என் பேரச் சொல்லாத."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பேரளியில எறங்கணும், நிறுத்துங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனாள். அவன் அவளுடைய பையை எடுத்து நீட்டினான். அம்சவள்ளி அதைப் பிடுங்கிக்கொண்டு தானும் பின்னாலேயே இறங்கினாள்.

இருவரும் சாலையோரத்தில் அடுத்த பஸ்ஸுக்காக நின்றார்கள். ஒரு டிப்பர் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. "கடைக்கு லேட்டாவும். போனா போவுது" என்றாள் அம்சவள்ளி.

மதியம், நால்வருக்கும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் முத்தமிழ்செல்வன் ஆறு நிமிடம் பேசி அனுப்பியிருந்தான். வெற்றிச்செல்வி அதை லேபின் பின்னறையில் நின்றுகொண்டே கேட்டாள். மாமா வீட்டில் வளர்ந்தவன், மாமா மகள் லாவண்யாவைத் தனக்குப் பேசியிருக்கிறார்கள், தையில் கல்யாணம், மாமா பேச்சை மறுத்தால் அம்மாவுக்குப் பிறந்த வீடே இல்லாமல் போய்விடும். இடையிடையே மூக்கை உறிஞ்சினான். தான் கெட்டவன் இல்லை என்று மூன்று முறை சொன்னான்.

அவள் ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்பினாள். 'அந்தத் தங்கச்சி படத்துக்கு நான் அழுதேன்னு உங்க மாமாகிட்ட போய்ச் சொன்னியா?'

ஒரு மணி நேரம் கழித்து பதில் வந்தது. 'கொஞ்சம் கொஞ்சமா மனசு மாறுதுன்னு சொன்னேன்.'

அவள் குழுவிலிருந்து வெளியேறினாள். அடுத்த நிமிடம் அம்சவள்ளியும் வெளியேறினாள்.

அன்பழகன் சார் சாயங்காலம் போன் செய்தார். முத்தமிழ் செய்தது தப்புதான், ஆனால் அவன் நிலைமையையும் பார்க்க வேண்டும், கோபத்தில் இரண்டு பக்கமும் வார்த்தை தடித்துவிட்டது, நாலு வருடப் பழக்கம், ஒரு நாள் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார்.

"ரெண்டு பக்கமும்னு சொல்றீங்களே சார்" என்றாள். "எம் பக்கம் என்ன தப்புன்னு சொல்லுங்க. நான் ஒக்காந்து கேக்குறேன்."

"அது வந்தும்மா..." என்று இழுத்தார்.

"ஒண்ணும் இல்லல்ல? அப்ப ரெண்டு பக்கம்னு சொல்லாதீங்க. நீங்க நடுவுல நிக்கிறதா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க. அது அவன் பக்கம் சார்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பெரிய மனிதரிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று பிறகு தோன்றும் என்று நினைத்தாள். தோன்றவில்லை.

கோர்ட்டில் அவளைக் கூப்பிட்டபோது பதினொன்றரை மணி. ஆண்டாயி வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அம்சவள்ளி கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தாள். டிரைவர் செல்லதுரை ஒரு ஓரமாக நின்றான். இந்த இரண்டு வருடத்தில் பத்து வயது கூடியவன் மாதிரி இருந்தான். அவனுக்காக வந்த வக்கீல் நல்ல விலையுயர்ந்த ஷூ போட்டிருந்தார். அவரை வைத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அரசு வக்கீல் கேட்டதற்கு அவள் நடந்ததைச் சொன்னாள். லாரி தன் பக்கத்தை விட்டு வந்ததை, பிரேக் போடும் சத்தமே கேட்காததை, பிறகு டிரைவர் சொன்னதை. "மூணு நாளா வூட்டுக்கே போவலம்மா. தூங்க விடல. ஓனரு இன்னொரு நடை அடிச்சிட்டுப் போடான்னாரு" என்று அவன் வார்த்தையிலேயே சொன்னாள்.

ஷூ போட்ட வக்கீல் எழுந்தார். கால் முறிந்து கிடந்தவருக்கு இவ்வளவு தெளிவாகக் காதில் விழுந்ததா என்று கேட்டார். விழுந்தது என்றாள். பிறகு லேசாகச் சிரித்தார்.

"நீங்க நிறைய சினிமா பார்ப்பீங்க, இல்லையா? தினமும் பஸ்ஸில் சினிமாக் கதை பேசிக்கொண்டு போகிற பழக்கம் உங்களுக்கு உண்டு. டிரைவர் சொன்னதாக நீங்கள் சொல்வது, ஏதோ ஒரு படத்தில் கேட்ட வசனம் என்கிறேன்."

இதையும் முத்தமிழ்செல்வன் மாமாவிடம் சொல்லியிருக்கிறான். வெற்றிச்செல்விக்கு முகம் சுட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது போலிருந்தது. வெற்றிச்செல்வி கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நெறைய பாப்பேங்க" என்றாள். "அதனாலதான் சொல்றேன், இது வசனம் இல்ல. சினிமாவுல ஒரு டிரைவர் இந்த மாதிரி எடத்துல அழகா பேசுவான். கண்ணுல மட்டும் தண்ணி வரும். இவரு எங்கிட்ட பேசும்போது பேண்ட்லயே ஒண்ணுக்குப் போயிட்டாருங்க. அவருக்கு அது தெரியவே இல்ல. திரும்பத் திரும்ப ஒரே பேச்சத்தான் சொன்னாரு. தூங்க விடல, தூங்க விடலன்னு. எந்தப் படத்துலயும் நான் அதப் பாத்தது இல்லீங்க."

செல்லதுரை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். நீதிபதி அம்மா எழுதுவதை நிறுத்தி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து எழுதினார். வக்கீல் மேற்கொண்டு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் செல்லதுரை அவள் பின்னால் வந்தான்.

"நீங்க சொன்னது நெசந்தாம்மா" என்றான்.

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? உள்ள சொல்லியிருக்க வேண்டியதுதானே."

"வண்டி ஓட்டித்தானே பொழைக்கணும். கேஸ்லேருந்து வெளிய வந்தா ஓனரு மறுபடி வண்டி குடுக்குறேன்னு சொல்லியிருக்காரு."

"எந்த வண்டிய? அதே வண்டியவா?"

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவன் மேல் தனக்குப் பெரிய கோபம் இல்லை என்று அவள் பஸ்ஸில் சொல்லியிருந்தாள். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது. இப்போது அவனையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆண்டாயி எழுந்து வந்து, மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

இருபது நாள் கழித்து, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயங்காலம் முத்தமிழ்செல்வன் அவளுக்காகக் காத்து நின்றான். இத்தனை நாளும் அவன் முந்தின பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. கையில் ஒரு பாலிதீன் பை.

"மாமாகிட்ட சண்ட போட்டுட்டு வந்துட்டேன்" என்றான். "லாவண்யா கல்யாணம் நின்னுபோச்சு. அம்மா எங்கிட்ட பேசுறதில்ல."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் வேணாம்." பையை நீட்டினான். "மாமாவோட லாரி ஷெட்டுல இருந்துச்சு. எடை மேடைச் சீட்டு. அந்த மூணு நாளும் அந்த வண்டி எத்தன மணிக்கு எத்தன நடை அடிச்சுதுன்னு இதுல இருக்கு. ஒவ்வொண்ணுலயும் செல்லதுரை கையெழுத்து. ராத்திரி பதினொண்ணு, ரெண்டு மணி, காலையில நாலரை எல்லாம் இருக்கு. இத குடுத்துட்டா..."

"குடுத்துட்டா?"

"நீங்க என்னைய..."

"மன்னிக்கணுமா?" என்றாள். "இன்னும் அந்தப் படத்துலயேதான் நிக்கிற."

அவன் கை நீட்டியபடியே இருந்தது. அவள் பையை வாங்கவில்லை.

"இத எங்கிட்ட குடுத்தா, எங்கிருந்து திருடுனன்னு உங்க மாமன் வக்கீல் என்னையத்தான் கேப்பான். நான் பஸ்ல கதை பேசுறவ. அரசு வக்கீல் ஆபீஸ் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும். நீயே கொண்டு போய்க் குடு. எங்க கெடச்சதுன்னு உன் பேரப் போட்டு எழுதிக் குடு. நாளைக்குக் கூண்டுல ஏறச் சொன்னா ஏறு. அத எனக்காகச் செய்யாத. என்னைய ஸ்டாண்டுல விட வரப்ப அறிவரசன் உன் பைக்குக்கு ரெண்டு தடவ கிளட்ச் வயர் மாட்டிக் குடுத்திருக்கான். அவன் மொவம் ஞாபகம் இருந்தா செய்யி."

"செஞ்சா?"

"செஞ்சா செஞ்சதுதான். உன்கூட நான் இனிமே பேச மாட்டேன். அது வேற."

திரும்பிப் பார்க்காமல் செந்துறை பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். அவன் செய்வான் என்று அவள் நம்பவில்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமையே அவன் போனான். சீட்டுகளைக் கொடுத்து, கைப்பட எழுதியும் கொடுத்தான். அரசு வக்கீல் போனில் கூப்பிட்டுச் சொன்னார். லாரி உரிமையாளரைக் கோர்ட்டுக்கு அழைத்து விசாரிக்க வேண்டும் என்று மனுப் போட்டிருப்பதாகவும் சொன்னார். அம்சவள்ளி பஸ்ஸில் இதைக் கேட்டுவிட்டு, "இப்பவாவது அவன் மேல கோவம் தணிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா" என்றாள் வெற்றிச்செல்வி. "ஏன் தணியணும்?"

அம்சவள்ளி யோசித்துப் பார்த்தாள். "அதானே" என்றாள்.

கார்த்திகையில் அடுத்த வாய்தா வந்தது. அறிவரசன் செத்தபோது லாரி உரிமையாளர் வைத்திலிங்கம் ஆண்டாயி வீட்டுத் தெருவுக்குள் வரவில்லை. காரைக் கோயிலடியில் நிறுத்திக்கொண்டு, ஒரு மாலையைக் கொடுத்து ஆளை அனுப்பினார். ஆண்டாயி அந்த மாலையைச் சாக்கடையில் போட்டாள். அவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. வாய்தா அன்று காய்ச்சல் என்பதால் அவளால் கோர்ட்டுக்கு வர முடியவில்லை. வெற்றிச்செல்வி வீடு திரும்பியதும் பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஓனர் வந்தானா?"

"வந்தாரும்மா. பத்து மணிக்கே வந்துட்டாரு. ரெண்டு மணிக்குத்தான் பேரக் கூப்புட்டாங்க. அதுவரைக்கும் வெளிய வராண்டாவுல நின்னுக்கிட்டே இருந்தாரு. ஒக்கார எடம் இல்ல."

ஆண்டாயி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நிக்கட்டும்" என்றாள்.